கொல்லிமலையும் குதிரையேற்றமும்

கொல்லிமலையை ஆண்டவன் யார் என்று பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும், "வல்வில் ஓரி" என்று உடனே விடை வரும். அவன் பெருமை யாது என்று மேலும் கேட்டால், ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்பார்கள். வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டிலிருந்து பாடநூல் வழியாக நமக்கு வந்து சேர்ந்த செய்தி இது. ஓரியின் வில் நம் நினைவில் நன்றாகத் தங்கிவிட்டது. அவன் ஏறிச்சென்ற குதிரையைத்தான் மறந்துவிட்டோம். இன்று அக்குதிரையைப் பற்றியும், குதிரை ஏறுவோர் பெறவேண்டிய பயிற்சியைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், நல்லூர் நத்தத்தனார் என்னும் புலவர் வள்ளல்கள் எழுவரை நிரல்படக் கூறுகிறார். அவருள் இருவர் நம் கதைக்கு உரியவர். ஒருவன் பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் இருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரி. மற்றவன் கொல்லிமலைத் தலைவன் ஓரி. காரி ஏறிய குதிரைக்குக் காரி என்றே பெயர். ஓரி ஏறிய குதிரைக்கு ஓரி என்றே பெயர். இரு காரிகளும் இரு ஓரிகளும் எதிர்நின்று பொருத போர் அது என்று சொல்லும்படி புலவர் பாடியிருக்கிறார். வள்ளல்கள் வழங்கிய கொடையைக் கூறும் இடத்திலும் ஒரு நயம் உண்டு. ஓரி கூத்தர்களுக்கு நாட்டை வழங்கினானாம். காரி இரவலர்க்கு மணி ஒலிக்கும் குதிரைகளையும் அவற்றோடு ஈரமுள்ள சொற்களையும் வழங்கினானாம். குதிரையைக் கொடையாகத் தருபவனிடம் குதிரைகள் மிகுதியாக இருந்திருக்கவேண்டும் அன்றோ?

தலைவனும் குதிரையும் ஒரே பெயர் கொண்டிருந்தது வெறும் அணிநயம் என்று நான் கருதவில்லை. உழவன் தன் எருதுக்குச் செவலை என்றும் மயிலை என்றும் நிறத்தால் பெயரிடுகிறான். தன் பெயரை இடுவதில்லை. தன் பெயரையே குதிரைக்கு வைத்த வீரன், போர்க்களத்தில் தான் வேறு அது வேறு என்று எண்ணவில்லை என்றே கொள்ளலாம்.

அப்போரின் முடிவை நற்றிணையும் அகநானூறும் கூறுகின்றன. காரி ஓரியைக் கொன்றான். வென்றவன் ஓரியின் பெருந்தெருவில் புகுந்தபோது அங்கே எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320ஆம் பாட்டில் உவமையாக்குகிறார். முள்ளூர் மன்னனாகிய காரி, கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்துவிட்டான் என்று கல்லாடனார் அகநானூறு 209ஆம் பாட்டில் குறிக்கிறார். மலைக்கு உரியவன் மாண்டான். மலையை வென்றவனும் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது மலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கொல்லி ஒற்றைச் சிகரம் என்று எண்ணிவிட வேண்டா. ஏறி முடித்தால், கடல்மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் ஒரு நாடே விரிந்து கிடக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று அங்குள்ள பகுதிகளின் பெயர்களிலேயே 'நாடு' உண்டு. பள்ளங்களில் நெல் விளையும். சரிவுகளில் மிளகும் பலாவும் அன்னாசியும் விளையும். அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு ஆகாயகங்கை அருவியாக விழுகிறது. மேலே குதிரை ஓடுவதற்கு இடம் உண்டு. மேலே ஏறுவதுதான் அரிது. இன்று காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்குப் பேருந்தில் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறார்கள். வண்டிப் பாதை இல்லாத நாளில், கால்நடைப் பாதையிலும் ஒற்றையடித் தடத்திலுமே ஏறவேண்டியிருந்தது. சமவெளியில் பாய்ந்து செல்லும் குதிரை ஒன்று. கல்லும் வேரும் கிடக்கும் சரிவில் அடிமேல் அடி வைத்து நடக்கும் குதிரை வேறொன்று. ஏறியிருப்பவனுக்கும் அப்படியே இருவேறு கல்வி வேண்டும்.

ஓரியும் காரியும் எவ்வாறு அமர்ந்திருப்பார்கள்? குதிரைமேல் இருப்பவன் கால் ஊன்றும் வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். உலோகத்தாலான அங்கவடி, சீன நாட்டில் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் தெளிவாகத் தென்படுகிறது; ஐரோப்பாவுக்கு அதன்பின் சில நூற்றாண்டுகள் கழித்தே போய்ச் சேர்ந்தது. ஆகவே நம் வள்ளல்கள் அது இன்றியே தொடையின் பிடிப்பினாலும் இடுப்பின் நேர்மையினாலும் அமர்ந்திருத்தல் வேண்டும். வீரன் தன் காலின் விளிம்பால் குதிரையைத் தூண்டிச் செலுத்துவதைப் பதிற்றுப்பத்து குறிப்பாகச் சொல்கிறது. கையில் வில் இருந்தால் கடிவாளத்தைப் பிடிக்க விரல் ஏது? காலும் உடலும்தான் அவனுக்குக் கடிவாளம்.

அதே காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முன்னே, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், கிரேக்க நாட்டில் செனபோன் என்னும் படைத்தலைவர் இருந்தார். சாக்கிரடீசின் மாணாக்கர். பாரசீகத்திலிருந்து பதினாயிரம் வீரர் மலைநாடுகள் வழியே திரும்பிய நெடும்பயணத்தில் உடன் நின்றவர். அவர் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிவைத்தார். அவர் நாளிலும் அங்கவடி இல்லை. மேடு ஏறும்போது பிடரிமயிரைப் பற்றிக்கொள்ளவேண்டும், கடிவாளத்தை இழுத்துக் குதிரையின் வாயைப் புண்படுத்தலாகாது என்கிறார். சரிவில் இறங்கும்போது உடலைப் பின்னே சாய்த்துக் குதிரைக்குத் துணைசெய்யவேண்டும் என்கிறார். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதியதை இன்றும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் அப்படியே சொல்கிறார்கள். குதிரையின் உடற்கட்டு மாறவில்லை, மலையும் மாறவில்லை.

நம் நாட்டுக் குதிரைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அது இந்த மண்ணில் எளிதாகப் பெருகிய விலங்கு அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். நரி பரியானது இறைவன் திருவிளையாடல். ஆனால் அமைச்சர் ஒருவரைக் கருவூலப் பொன்னோடு கடற்கரைக்கு அனுப்பும் அளவுக்குப் பாண்டிய நாட்டில் குதிரைத் தேவை இருந்தது என்னும் செய்தியும் அக்கதைக்குள் கிடக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகர் பெயர் வருகிறது.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் இவ்வணிகம் உச்சநிலை அடைந்தது. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே காயல் துறைமுகம். ஆர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபு நாட்டுக் கரைகளிலிருந்தும் கப்பல்கள் குதிரைகளை ஏற்றி வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சுவதையும் குறிக்கிறார். காரணமும் சொல்கிறார்: குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை, மருத்துவம் பார்ப்பவர் இல்லை. குதிரை மருத்துவர்கள் இங்கே வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

அவருக்குச் சற்றுப் பின்னே எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு இன்னும் கடுமையாகச் சொல்கிறார். மாபார் என்று அவர்கள் அழைத்த நம் கரைக்கும், காம்பே முதலிய துறைகளுக்கும் ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் போயின என்றும், ஒவ்வொன்றின் விலை 220 பொன் தினார் என்றும் கணக்குத் தருகிறார். பெருக்கிப் பாருங்கள், 22 லட்சம் தினார். இத்தனை பொன் கொடுத்து வாங்கியபின் என்ன செய்தார்கள்? குதிரை கொழுக்கவேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்தார்களாம். பிறகு யாதொரு பயிற்சியும் தராமல், அங்கவடி முதலிய கருவிகளும் இல்லாமல், ஏறி வெறிகொண்டவர்போல் ஓட்டினார்களாம். விரைவும் வலிவும் உள்ள குதிரைகள் சிறிது காலத்தில் தளர்ந்து ஒன்றுக்கும் உதவாமற் போயின என்கிறார்.

வேற்றுநாட்டார் எழுதியதில் மிகை இருக்கலாம். விற்பவன் நாட்டைச் சேர்ந்தவர் வாங்குபவனைக் குறைத்துப் பேசுவதும் உலகத்தில் உண்டு. எனினும் இக்குற்றச்சாட்டை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஏனெனில் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் புலவர் ஒருவர் இதே குறையைக் கண்டிருக்கிறார்.

பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாட்டைச் சொல்கிறேன். பருத்தியை வேலியாக உடைய ஒரு சிற்றூர்; அதன் தலைவனிடம் உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையோடு ஒரு குதிரை. எதிரே நெய்ச்சோறு உண்டு வளர்ந்த வேந்தனின் குதிரைகள். போர் மூண்டதும் சக்கை தின்ற குதிரை, கடலைப் பிளந்து செல்லும் தோணிபோலப் படையைக் கிழித்துச் சென்றது. நெய்ச்சோற்றுக் குதிரைகள் ஒதுங்கி நின்றன. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளியில் சேர்ந்த புதிதில் இப்பாட்டை நடத்தினேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை. அம்முறைப்படி, "நல்ல தீனி தின்ற குதிரை ஏன் பின்வாங்கியது?" என்று வகுப்பைக் கேட்டேன். வீரம், மானம், குலப்பெருமை என்று முன்வரிசையில் பல விடைகள் எழுந்தன. கடைசி வரிசையில் குதிரை வண்டிக்காரர் மகன் ஒருவன் இருந்தான். தேர்வில் முப்பத்தைந்து வாங்குவதே அவனுக்கு அருமை. அவன் எழுந்து, "கட்டியே போட்டிருந்தா கால் வீங்கிக்கும் சார். தெனம் ஓடுற குதிரைதான் ஓடும்" என்றான். உரையாசிரியர் எவரும் அவ்வளவு சுருங்கச் சொல்லியிருக்க மாட்டார். சிற்றூர்த் தலைவனிடம் இருந்தது ஒரே குதிரை. அதை அவன் நாள்தோறும் தானே ஏறிப் பழக்கியிருப்பான். வேந்தன் இலாயத்துக் குதிரைகளுக்கு அந்தப் பேறு ஏது?

பிற்காலத்தில் இக்குறை ஓரளவு நீங்கிற்று. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக்குச் செல்லுங்கள். 16ஆம் நூற்றாண்டுத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும், அவற்றின்மேல் வேல் ஏந்திய வீரர்களும் நிற்கிறார்கள். சேணம், கடிவாளம், கழுத்து மணி, அங்கவடி எல்லாம் கல்லில் தெளிவாக இருக்கின்றன. சிற்பி குதிரையை அருகிருந்து பார்த்தவன். கோயிலுக்குப் போகிற மாணவர்கள் சிங்கத்தையும் யாளியையும் பார்த்து வியப்பதோடு நில்லாமல், அவ்வீரனின் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

1792இல் திப்பு சுல்தானோடு செய்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. படைத்தலைவர் ரீடு என்பவரின் கீழ் தாமசு மன்றோ 1799 வரை ஏழாண்டு பாராமகால் பகுதியில் பணியாற்றி, ஊர் ஊராகச் சென்று நிலவரி வகுத்தார். அந்நாளில் அதிகாரிக்குக் குதிரைதான் அலுவலக வண்டி. அவர் பின்னர் சென்னை ஆளுநராகி 1827இல் காலரா நோயால் இறந்தார். சென்னைத் தீவுத்திடல் அருகே அவர் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை 1839இல் நிறுவப்பட்டது. அச்சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி சாண்டிரி அவற்றை மறந்துவிட்டார் என்றும், பிழை உணர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் சென்னையில் ஒரு கதை சொல்வார்கள். அது வெறுங்கதை. இலண்டன் மாநகரத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையையும் அவர் அவ்வாறே அங்கவடி இன்றிச் செய்திருக்கிறார்; பண்டைய உரோமச் சிலைகளின் மரபு அது. தற்செயலாகவேனும், ஓரி அமர்ந்த முறையை நாம் இன்று காணக்கூடிய இடம் சென்னை நகரத்து நடுவே இருக்கிறது.

மலைப்பாதைக் குதிரை தமிழ்நாட்டில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சையும் பலாவும் குதிரை முதுகில் தோட்டங்களிலிருந்து இறங்குகின்றன. போடி மலையிலும் சாலை இல்லாத ஊர்களுக்குக் குதிரைகள் சுமை கொண்டு போகின்றன. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகையிலும் சுற்றுலா வருவோரை ஏற்றி, குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் செல்கிறார். உங்களுள் பலர் அப்படி ஏறியிருப்பீர்கள். அல்லது கல்லூரிச் சுற்றுலாவில் ஏறப்போகிறீர்கள். வழிகாட்டி ஒருவர் உடன் வருகிறாரே, நமக்கென்ன பயிற்சி வேண்டும் என்று நினைப்பது இயல்பு. வழிகாட்டி குதிரையை நடத்துவார். உங்கள் உடலை நீங்கள்தான் நடத்தவேண்டும்.

குதிரை தன் எடையில் பெரும்பகுதியை முன்னங்கால்களில் தாங்குகிறது. சரிவில் இறங்கும்போது அச்சுமை இன்னும் முன்னே போகிறது. அப்போது ஏறியிருப்பவர் அஞ்சி முன்னே கவிழ்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால், தடுமாறும் காலுக்கு மேலும் பாரம் ஏற்றுகிறார். நிமிர்ந்து, சற்றே பின்னே தங்கி, குதிங்கால் கீழே தாழ அமர்தல் வேண்டும். ஏறும்போது முன்னே சாய்ந்து முதுகுக்கு விடுதலை தரவேண்டும். மூக்குக்கு நேர்கீழே கிடப்பது குதிரைக்குத் தெரியாது. தலையைத் தாழ்த்தி நீட்டியே பாதையைப் பார்க்கும். கடிவாளத்தை இறுகப் பிடித்தால் அது கண்ணைக் கட்டியதற்குச் சமம். பின்புறத்திலும் அதற்குப் பார்வை இல்லை. ஆகையால் பின்னிருந்து ஓசையின்றி நெருங்குகிறவன் உதை வாங்கினால் குதிரைமேல் குற்றமில்லை.

சேணத்தின் வயிற்றுவார் இன்னொரு சூட்சுமம். வாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்து அடி நடந்ததும் வயிறு தளர்ந்து வாரும் தளரும், சேணம் புரண்டுவிடும். அனுபவமுள்ள குதிரைக்காரர் சிறிது தூரம் நடத்தியபின் நிறுத்தி மறுபடியும் இறுக்குவார். நிறுத்தாதவரிடம் நீங்களே கேட்கலாம். பாதத்தின் முன்பகுதி மட்டுமே அங்கவடியில் இருக்கட்டும். முழுக்காலையும் நுழைத்தவன் விழுந்தால் குதிரையோடு இழுபடுவான். எடையையும் கேட்கவேண்டும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றலாகாது என்பது குதிரை வளர்ப்போர் கொண்டுள்ள பொது அளவு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்குச் சேணத்தோடு 50 கிலோதான் ஆகும். அப்படியிருக்க, அதன்மேல் 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி அமர்ந்து, மடியில் குழந்தையையும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டதை ஒரு மலையூரில் கண்ணால் பார்த்தேன். அக்குதிரையின் முதுகு வளைந்து நின்ற காட்சி எனக்கு வசாபு எழுதியதைத்தான் நினைவூட்டியது.

"கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பழித்து ஒரு பழமொழி சொல்கிறோம். வாய் புண்ணாக இழுக்கும் கையை ஒருமுறை அறிந்த விலங்கு வேறென்ன செய்யும்?

ஓரி காலத்துப் புலவர்கள் குதிரையோடு ஏறியவன் உயிரும் கட்டுண்டிருந்ததை நன்கு அறிந்தவர்கள். எருமை வெளியனார் பாடிய புறநானூற்று 273ஆம் பாட்டில் ஒரு பெண் வாயிலில் நிற்கிறாள். பிறர் வீட்டுக் குதிரைகள் எல்லாம் போரிலிருந்து திரும்பிவிட்டன. தன் சிறுமகனின் தந்தையைச் சுமந்து சென்ற குதிரை மட்டும் வரவில்லை. அவள் கணவனைக் கேட்கவில்லை, குதிரையைத்தான் கேட்கிறாள்.

ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. அதே ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது; கத்தியவார், மார்வார் இனத்துக் குதிரைகளும் அங்கே விலைக்கு வருகின்றன. இரண்டையும் ஒரே விடுமுறையில் பார்க்க முடிந்தவர்கள் பார்த்து வாருங்கள். சந்தையில் குதிரை அறிந்தவர் ஒருவர் பின்னே சிறிது நேரம் நில்லுங்கள். சேணத்தின் வேலைப்பாட்டிலும் நெற்றிச்சுட்டியிலும் அவர் கண் போகாது. முதலில் குனிந்து குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், அதன்பின் குதிரையைச் சற்று நடக்கவிடச் சொல்லி, அது கால் ஊன்றுவதைப் பேசாமல் நின்று பார்ப்பார்.